ஐபி கணக்கு: ஏஏ-வா ஏஐ-யா, எச்எல்லா எஸ்எல்லா? பத்து நாளில் படிவம் கொடுக்க வேண்டும்

அடையாறு_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் சென்னையில் ஐஜிசிஎஸ்இ, அதாவது கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் பத்தாவது எழுதப் போகிறாள், அடுத்து அதே பள்ளியில் ஐபி டிப்ளமா, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாதிரி இரண்டு வருடச் சர்வதேசப் படிப்பு. பாடத் தேர்வுப் படிவத்தைக் கையில் கொடுத்து பத்து நாளில் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற ஐந்து பாடத்தையும் ஒரே இரவில் பேசி முடித்துவிட்டோம். கணக்கில்தான் நிற்கிறோம், சாப்பிட உட்கார்ந்தால் வேறு பேச்சே இல்லை.

ஆறு பாடத்தில் மூன்றை எச்எல், அதாவது உயர்நிலையிலும், மற்றதை எஸ்எல், அதாவது சாதாரண நிலையிலும் எடுக்க வேண்டும். பொருளாதாரமும் இயற்பியலும் எச்எல் என்று அவளே உறுதியாகச் சொல்லிவிட்டாள். மூன்றாவது எச்எல் கணக்கா, ஆங்கிலமா என்பதுதான் பாக்கி. கணக்கிலேயே ஏஏ, ஏஐ என்று இரண்டு பாடம், அதனால் படிவத்தில் கணக்குக்கு எதிரே நான்கு கட்டம்: ஏஏ எச்எல், ஏஏ எஸ்எல், ஏஐ எச்எல், ஏஐ எஸ்எல். இதில் ஏஐ எச்எல் போதுமான பிள்ளைகள் சேர்ந்தால்தான் நடக்குமாம். ஏஏ எச்எல்லுக்கு ஐஜிசிஎஸ்இ கணக்கில் ஏ-வுக்கும் மேலான ஏ ஸ்டார் இருக்க வேண்டும் என்று கீழே ஒரு வரி. மாதிரித் தேர்வில் அவள் வாங்கியது ஏ. ஐஜிசிஎஸ்இ-யில் தனிப்பாடமாக இருக்கும் கூடுதல் கணிதம் எடுக்கவில்லை.

கணவர் ப்ளஸ் டூவில் முதல் குரூப் எடுத்து இன்ஜினியரிங் படித்தவர், "இருப்பதிலேயே கஷ்டமானதை எடு, பின்னால் யாரும் உன்னை வேண்டாம் என்று சொல்ல முடியாது" என்கிறார். என் தங்கை ஏஐ என்றதும் செயற்கை நுண்ணறிவு என்று நினைத்து அதையே எடுக்கச் சொல்கிறாள், அது வேறு இது வேறு என்று பள்ளியில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மகள் சொல்வது, "கணக்கு எனக்குப் பிடிக்கும்மா, ஆனால் அதற்காகவே இரண்டு வருடமும் போய்விடக் கூடாது." பெரும்பாலும் பொருளாதாரம் படிக்க வேண்டும் என்கிறாள், சில நாள் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறாள். இங்கிலாந்தா, சிங்கப்பூரா, பெங்களூரா, அதுவும் தெரியாது. பதினாறு வயதில் தெரியவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இந்தப் படிவம் இப்போதே கேட்கிறதே.

பிள்ளைகளை இதில் படிக்க வைத்தவர்கள், படித்தவர்கள், பாடம் நடத்துபவர்கள் யாராவது இருந்தால் நேரடியாகச் சொல்லுங்கள்.

கோவை_கணக்கு_டீச்சர்

அம்மா, நான் ஐபி பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், பழைய பாடத்திட்டம் இருந்த காலத்திலிருந்தே. உங்கள் கேள்வியை ஒவ்வொரு வருடமும் மார்ச், ஏப்ரலில் குறைந்தது முப்பது பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். முன்பு மேத் ஸ்டடீஸ், மேத் எஸ்எல், மேத் எச்எல் என்று ஏணிப்படி மாதிரி இருந்தது, அதற்கும் மேலே ஃபர்தர் மேத் என்று ஒன்று. எது மேலே எது கீழே என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. 2019-இல் அதை எடுத்துவிட்டு இரண்டு தனித்தனிப் பாடமாக ஆக்கினார்கள், 2021 மே மாதம் முதல் தேர்வு நடந்தது. ஏஏ என்பது அனலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ், ஏஐ என்பது அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்ப்ரிட்டேஷன். இரண்டிலும் எஸ்எல், எச்எல் உண்டு. பழைய ஏணியை மனதில் வைத்துக்கொண்டு ஏஏ என்றால் மேல்படி, ஏஐ என்றால் கீழ்ப்படி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஏஐ எஸ்எல் நான்கிலும் இலகுவானது, அது உண்மை. ஏஐ எச்எல்லை அப்படிச் சொன்னால் அதை எழுதிய பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எஸ்எல் என்றால் 150 மணி நேர வகுப்பு, எச்எல் 240. இதில் எதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே குணம் தெரிந்துவிடும். ஏஏ எச்எல்லில் நுண்கணிதத்துக்கு 55 மணி, புள்ளியியலும் நிகழ்தகவும் சேர்ந்து 33. ஏஐ எச்எல்லில் நுண்கணிதம் 41, புள்ளியியல் 52. ஏஐ எஸ்எல்லுக்கு வந்தால் நுண்கணிதம் வெறும் 19 மணி, புள்ளியியல் 36. அதாவது ஏஏ பிள்ளை குறியீடுகளோடு மல்லுக்கட்டும், நிறுவும், "ஏன் இப்படி வருகிறது" என்று கேட்கும். ஏஐ பிள்ளை கையில் ஒரு அட்டவணையோ வரைபடமோ இருக்கும், இதற்கு எந்தச் சார்பு பொருந்தும், எதுவரைக்கும் பொருந்தும் என்று பார்க்கும்.

தேர்விலும் இதே வித்தியாசம்தான். ஏஏ முதல் தாளில் கால்குலேட்டரே கிடையாது. ஏஐ-யில் எல்லாத் தாளிலும் கிராஃபிக் கால்குலேட்டர் வேண்டும், அதைச் சரளமாகப் பயன்படுத்தத் தெரியாவிட்டால் நேரம் போதாது. எஸ்எல் என்றால் ஒன்றரை மணி நேரத் தாள் இரண்டு, ஒவ்வொன்றும் 80 மதிப்பெண். எச்எல் என்றால் இரண்டு மணி நேரத் தாள் இரண்டு, ஒவ்வொன்றும் 110, அப்புறம் மூன்றாம் தாள் ஒன்று, அதில் இரண்டே கேள்வி, 55 மதிப்பெண். ஒரு கேள்வி பிடி கொடுக்கவில்லை என்றால் பாதித் தாள் கையை விட்டுப் போகும், அதனால் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இந்தத் தாளுக்குத்தான். மீதி 20 சதவீதம் பிள்ளையே ஒரு தலைப்பு எடுத்து 12 முதல் 20 பக்கம் எழுதும் கட்டுரைக்கு.

நீங்கள் மனதில் வைக்க வேண்டிய விஷயம் இதுதான். ஏஏ எஸ்எல் பாடம் முழுவதும் ஏஏ எச்எல்லுக்குள்ளேயே இருக்கிறது. எச்எல்லில் ஆரம்பித்து முடியாமல் எஸ்எல்லுக்கு இறங்கும் பிள்ளைக்குப் படித்தது எதுவும் வீணாகாது. எஸ்எல்லில் ஆரம்பித்து நான்கு மாதம் கழித்து எச்எல்லுக்கு ஏறுவது ரொம்பச் சிரமம், விட்டுப்போன பாடத்தைத் தானே படித்துக்கொண்டு ஓடுகிற வகுப்பையும் பிடிக்க வேண்டும், என் அனுபவத்தில் மூன்று பேர்தான் செய்திருக்கிறார்கள். ஏஐ-யிலிருந்து ஏஏ எச்எல்லுக்கு வருவது அதைவிடக் கஷ்டம்.

அவள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை விட இதைத்தான் நான் நம்புவேன். ஒரு சனி, ஞாயிறு இரண்டு கணக்கு கொடுங்கள், மதிப்பெண் போடாதீர்கள், பக்கத்தில் உட்காராதீர்கள்.

ஒன்று: அடுத்தடுத்து வரும் எந்த மூன்று முழு எண்களைப் பெருக்கினாலும் விடை 6-ஆல் வகுபடும் என்று நிறுவ வேண்டும். நான்கைந்து உதாரணம் போட்டுக் காட்டினால் போதாது, எப்போதும் ஏன் அப்படி வரும் என்று சொல்ல வேண்டும்.

இரண்டு: சென்னைக் குடிநீர் ஏரிகளின் நீர்மட்டத்தைக் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுகிறது. ஏதாவது ஒரு ஏரிக்கு மாதம் ஒரு புள்ளி வீதம் மூன்று வருடத்துக்கு எடுத்து டெஸ்மோஸ் என்ற வரைபட இணையதளத்தில் போட்டு, எந்த வளைவு பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை, ஏன் என்று அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

விடை சரியா தப்பா என்பது எனக்கு முக்கியமில்லை. எதைப் பாதியில் மூடி வைத்தாள், எதைச் சாப்பிடக் கூப்பிட்டபோது "இரும்மா" என்றாள், அதைப் பார்த்து வந்து சொல்லுங்கள்.

இரண்டாம்_வருடம்

ஆன்ட்டி, நான் ஏஏ எச்எல் எழுதியவன், இப்போது இங்கிலாந்தில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. டீச்சர் சொன்னது எல்லாம் சரி, மாணவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

எனக்கு ஐஜிசிஎஸ்இ-யில் ஏ ஸ்டார். அதை வைத்து ஏஏ எச்எல் சுலபமாக வந்துவிடும் என்று நினைத்துப் போனேன், முதல் யூனிட் டெஸ்டில் 7-க்கு 3 வாங்கினேன். வீட்டில் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. காரணம் பாடம் புரியாதது இல்லை, எனக்கு இயற்கணிதம் கையில் ஓடவில்லை, அவ்வளவுதான். நாங்கள் எழுதியபோது ஐஜிசிஎஸ்இ கணக்கில் எல்லாத் தாளிலும் கால்குலேட்டர் இருந்தது, பின்னம் கூட்டுவதைக்கூட அதில்தான் போட்டுப் பழகியிருந்தோம். 2025 தேர்விலிருந்து அங்கேயே கால்குலேட்டர் இல்லாத தாள் ஒன்று வந்துவிட்டது, அதனால் உங்கள் மகளுக்கு எங்களைவிடக் கொஞ்சம் பழக்கம் இருக்கும். அந்தத் தாளில் தனியாக எவ்வளவு வாங்கினாள் என்று கேட்டுப் பாருங்கள் ஆன்ட்டி, மொத்த கிரேடைவிட அது நிறையச் சொல்லும்.

கலப்பெண்கள், கணிதத் தொகுத்தறிதல், வெக்டரில் கோடும் தளமும், மெக்லாரின் தொடர், வகைக்கெழுச் சமன்பாடு, இவ்வளவும் வரும், ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் புரியும். இயற்பியல் பரிசோதனை அறிக்கை, நாலாயிரம் வார்த்தை எக்ஸ்டெண்டட் எஸ்ஸே, டிஓகே என்ற அறிவுக் கோட்பாட்டுப் பாடம் எல்லாம் ஒரே மாதத்தில் சேர்ந்து வரும்போதுதான் மூச்சு முட்டும். நான் பிழைத்தது தினமும் அரை மணி நேரம், மழையானாலும் வெயிலானாலும், பழைய முதல் தாளில் இரண்டு கேள்வி போட்டதால்தான். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் உட்கார்ந்த நண்பர்களுக்கு அது பலிக்கவில்லை. கடைசியில் 6 வந்தது.

இங்கே வந்த பிறகு முதல் செமஸ்டர் கணக்கில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இரவு முழுக்கப் படித்ததை நான் திருப்பிப் பார்த்தால் போதுமாக இருந்தது. அதனால் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் மகள் இலக்கியம், வரலாறு, உளவியல் பக்கம் போகப் போகிறாள் என்றால் நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

அப்புறம் ஒன்று, கேம்பிரிட்ஜ் மாதிரி இடத்தில் பொருளாதாரமோ கம்ப்யூட்டர் சயின்ஸோ இன்ஜினியரிங்கோ என்றால் ஏஏ எச்எல்தான் கேட்பார்கள். அந்தக் கனவு இருக்கிறதா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

துபாய்_அப்பா

மேடம், எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், இன்னொரு குடும்பத்துக்கு அது நடக்க வேண்டாம்.

மகன் ஏஐ எஸ்எல் எடுத்தான். பள்ளியில் வழிகாட்டி சொன்னது: "இதில் 7 நிச்சயம், மொத்தம் 45-இல் எண்ணிக்கை கூடும், எண்ணிக்கைதான் முக்கியம்." எங்களுக்கும் சரி என்று பட்டது. அவனும் சந்தோஷமாகத்தான் படித்தான். இரண்டாம் வருடம் பாதியில் ஜெர்மனியில் படித்தால் கல்விக் கட்டணம் மிகக் குறைவு என்று தெரிந்து, அங்கே பொருளாதாரத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தோம். ஐபி டிப்ளமாவை ஜெர்மனி ஏற்றுக்கொள்வதற்கு அவர்கள் வைத்திருக்கும் விதியில் கணக்கு என்றால் ஏஏ எஸ்எல், ஏஏ எச்எல், ஏஐ எச்எல் இந்த மூன்றுதான் இருக்கிறது. ஏஐ எஸ்எல் இல்லை. தேர்வுக்குப் பதிவெல்லாம் நவம்பரிலேயே முடிந்துவிட்டது, நாங்கள் இதைப் படித்தது ஜனவரியில். அன்று இரவு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது வேறு நாட்டில் நன்றாகத்தான் படிக்கிறான், ஆனால் இரண்டு மடங்கு செலவு. அந்த வழிகாட்டி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும், இருந்தாலும் "எந்தெந்த நாடு இதை ஏற்காது" என்று ஒரு பக்கத் தாள் கொடுத்திருந்தால் நாங்கள் வேறு முடிவு எடுத்திருப்போம். நாங்களும் கேட்டிருக்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது: படிவம் கொடுக்கும் முன் மகளை உட்கார வைத்து, அவள் பெயர் சொல்லும் நான்கைந்து பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்துக்கே போய், அந்தந்தப் பட்டப்படிப்பின் கீழே ஐபி கணக்கு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். யார் சொன்னாலும், நான் சொன்னாலும், அதை நம்பாமல் அங்கே பாருங்கள். இரண்டு மணி நேர வேலைதான்.

புள்ளியியல்_பெண்

ஏஐ எச்எல் எழுதிய ஆள் இந்தத் திரியில் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன், சரி நானே எழுதுகிறேன். இப்போது பெங்களூரில் பொருளாதாரம் இளங்கலை.

ஏஏ-காரர்கள் பார்க்காத பல விஷயம் எங்களுக்கு உண்டு. அணிகள் ஏஐ எச்எல்லில்தான் இருக்கிறது, ஏஏ-வில் எச்எல்லில்கூட இல்லை. ஐகன் மதிப்பு, மார்க்கோவ் சங்கிலி, வரைபடக் கோட்பாடு எல்லாம் படித்தோம். ஒரு தபால்காரர் எல்லாத் தெருவுக்கும் போய் மிகக் குறைந்த தூரத்தில் திரும்பி வருவது எப்படி என்று ஒரு பாடமே உண்டு, அதை எங்கள் தெருவை வைத்துப் போட்டுப் பார்த்தேன். எஸ்எல்லிலேயே வோரோனாய் வரைபடம் வரும்: ஊரில் ஐந்து தீயணைப்பு நிலையம் இருந்தால் எந்த வீட்டுக்கு எது பக்கம் என்று ஊரைக் கூறு போடுவது. கருதுகோள் சோதனை என்றால் என்ன என்று பதினேழு வயதிலேயே தெரிந்ததால் கல்லூரியில் புள்ளியியல் தாள் எனக்குப் பயமாக இல்லை, வகுப்பில் மற்றவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன்.

டீச்சர் சொன்ன ஏரிக் கணக்கைப் படித்தபோது சிரித்துவிட்டேன், ஏனென்றால் என் கட்டுரையே செம்பரம்பாக்கம் ஏரிதான். முழுக் கொள்ளளவில் 24 அடி. வருடா வருடம் ஏறி இறங்குவதால் சைன் வளைவு பொருந்தும் என்று நினைத்தேன். 2015 டிசம்பரில் ததும்பியது, 2019 கோடையில் வறண்டு நிலம் வெடித்துக் கிடந்தது, இரண்டுமே என் வளைவுக்கு வெளியே போய் நின்றன. ஏன் பொருந்தவில்லை என்று எழுதிய நான்கு பக்கம்தான் அந்தக் கட்டுரையின் உயிர். வடகிழக்குப் பருவமழை சைன் வளைவு மாதிரி மெதுவாக ஏறி மெதுவாக இறங்காது, மூன்று நாளில் கொட்டித் தீர்க்கும் என்று பாட்டிக்குத் தெரிந்ததை நான் எண்ணில் பார்த்தேன்.

குறையையும் சொல்ல வேண்டும். பகுதித் தொகையிடல் எங்களுக்குக் கிடையாது, கையால் நீளமாகத் தொகையிட்டுப் பழக்கமே இல்லை. கல்லூரியில் முதல் செமஸ்டரில் கணிதப் பொருளாதாரம் வந்தபோது இரண்டு மாதம் தடுமாறினேன், மாலையில் தனியாக உட்கார்ந்து பிடித்தேன். அப்புறம் சில பல்கலைக்கழகங்கள் ஏஏ எச்எல் மட்டும்தான் என்றதால் மூன்று இடத்துக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை. அது தெரிந்தேதான் எடுத்தேன், அதனால் வலிக்கவில்லை.

ஒன்று மட்டும் பிடிக்கவில்லை, ஏஐ எடுக்கிற பிள்ளையைக் கணக்கு வராத பிள்ளை மாதிரிப் பார்ப்பது. என் வகுப்பில் ஒன்பது பேர், ஒருவரும் சும்மா இல்லை.

சேலம்_மாமா

ஜேஇஇ எழுதும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால் ஏஏ எச்எல்லைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

கோவை_கணக்கு_டீச்சர்

சேலம் சார், அது இருந்தாலும் ஏஏ எச்எல் போதாது. ஜேஇஇ-யில் அணிகளும் அணிக்கோவைகளும் கூம்பு வளைவுகளும் வரும், ஏஏ எச்எல்லில் அவை இல்லை, தனியாகப் படித்தாக வேண்டும். அதோடு ஐபி தேர்வு மே மாதம், முடிவு ஜூலை முதல் வாரத்தில். ஜேஇஇ மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும், அட்வான்ஸ்டு பெரும்பாலும் மே பிற்பாதியில். இரண்டையும் ஒன்றாகத் தாங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், விரல் விட்டு எண்ணலாம். ஐஐடி-தான் வேண்டும் என்றால் ஐபி-க்குப் போகும் முன்பே அதைப் பேசிவிட வேண்டும்.

புள்ளியியல்_பெண் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒத்துக்கொள்கிறேன். உங்கள் ஏரிக் கட்டுரையைப் படிக்க ஆசையாக இருக்கிறது.

அடையாறு_அம்மா

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. துபாய் சார், நீங்கள் சொன்ன வேலையை நேற்று இரவே செய்தோம். ஆறு பல்கலைக்கழகம் எடுத்தாள், நான்கில் ஏஏ எச்எல் வேண்டும் அல்லது விரும்புகிறோம் என்று இருக்கிறது, ஒன்றில் எந்த எச்எல் ஆனாலும் சரி, ஒன்றில் எஸ்எல் போதும். அவளே எழுதி வைத்திருக்கிறாள்.

டீச்சர், ஒரு சந்தேகம். ஏஏ எச்எல்லில் ஆரம்பித்து எஸ்எல்லுக்கு இறங்கினால் அவளுக்கு இரண்டு எச்எல்தானே மிஞ்சும்? மூன்று வேண்டுமே. இதை நாங்கள் யோசிக்கவே இல்லை, கணவர்தான் திடீரென்று கேட்டார்.

கோவை_கணக்கு_டீச்சர்

சரியான கேள்வி. மூன்று எச்எல் கட்டாயம், அந்த மூன்றிலும் சேர்த்துக் குறைந்தது 12 புள்ளி வந்தால்தான் டிப்ளமாவே கிடைக்கும். கணக்கில் இறங்கினால் இன்னொரு பாடத்தில் ஏற வேண்டும். உங்கள் மகளுக்கு அது ஆங்கிலம். நல்லவேளையாக ஆங்கிலம் முதல் மொழிப் பாடத்தில் எஸ்எல்லுக்கும் எச்எல்லுக்கும் முதல் சில மாதம் வித்தியாசம் குறைவு. எச்எல்லுக்குக் கூடுதலாக நூல்கள் சில, அப்புறம் 1200 முதல் 1500 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை. பல பள்ளிகளில் இரண்டும் ஒரே வகுப்பில்தான் உட்காரும். நேராக ஆங்கில ஆசிரியரிடம் போய், "ஜனவரி வரைக்கும் இவளை எச்எல்லுக்கு எடுத்துக்கொள்வீர்களா" என்று கேளுங்கள், முடிந்தால் மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு எச்எல் எடுத்து ஆரம்பித்து ஒன்றை விடுவதும் உண்டு, இயற்பியல் எச்எல் இருக்கும்போது அதை நான் சொல்ல மாட்டேன்.

அந்த இரண்டு கணக்கு என்ன ஆயிற்று?

அடையாறு_அம்மா

அதைச் சொல்லத்தான் வந்தேன், இன்று திங்கள்கிழமை.

ஏரிக் கணக்கை சனிக்கிழமை காலையில் எடுத்தாள். புழல் ஏரி. ஒரு மணி நேரத்தில் புள்ளிகள் வைத்து, வளைவு போட்டு, அரைப்பக்கம் சுத்தமாக எழுதிவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது, "முடிந்ததும்மா" என்று மூடி வைத்தாள். அதன்பிறகு அதைத் திறக்கவில்லை.

மற்றதை மதியம் ஆரம்பித்தாள். 1, 2, 3 என்று போட்டாள், 4, 5, 6 என்று போட்டாள், "எப்போதும் வருகிறது, ஆனால் ஏன்" என்று தனக்குத்தானே பேசினாள். அடுத்தடுத்து இரண்டு எண் வந்தால் ஒன்று இரட்டை எண்ணாகத்தான் இருக்கும், அதனால் 2-ஆல் வகுபடும் என்று கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். 3 எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. கோபம் வந்து நோட்டைத் தூக்கிப் போட்டாள். கணவர் வாயைத் திறக்கப் போனார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இரவு தோசைக்குக் கூப்பிட்டேன், "இரும்மா" என்றாள், டீச்சர், அப்படியே அந்த வார்த்தை. ஞாயிறு காலை பல் தேய்த்துக்கொண்டே வந்து, மூன்றால் வகுத்தால் மீதி 0, 1, 2 என்று மாறி மாறித்தானே வரும், மூன்று எண் அடுத்தடுத்து நின்றால் ஒன்றில் மீதி 0 வந்தே தீர வேண்டும் என்றாள். வாயில் நுரையோடு. பிறகு அவளாகவே நான்கு எண் என்றால் 24-ஆல் வகுபடுமா என்று ஆரம்பித்துவிட்டாள், அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்று பள்ளியில் பேசினேன். ஏ ஸ்டார் இல்லாவிட்டாலும் ஜூனில் ஒரு நுழைவுத் தாள் வைப்பார்களாம், கால்குலேட்டர் இல்லாமல், அதில் தேறினால் ஏஏ எச்எல் கொடுப்பார்கள். ஆங்கில ஆசிரியர் ஜனவரி இரண்டாம் வாரம் வரை நேரம் கொடுத்திருக்கிறார், எழுத்தில் வாங்கிவிட்டேன். டிசம்பர்த் தேர்வில் கணக்கில் 4-க்குக் கீழே போனாலோ, கணக்கினால் இயற்பியல் விழுந்தாலோ ஏஏ எஸ்எல்லுக்கு இறங்கி ஆங்கிலத்தில் ஏறுவது என்று அவளே சொல்லி, காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். கணவரும் சம்மதித்துவிட்டார், இறங்கினால் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சொன்னார். அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

இரண்டாம் வருடம் தம்பி, கால்குலேட்டர் இல்லாத தாளில் மட்டும் எவ்வளவு என்று கேட்டேன், மற்றதைவிட அதில்தான் நன்றாகச் செய்திருக்கிறாள். கோடை விடுமுறையில் என்ன செய்யலாம்?

இரண்டாம்_வருடம்

ஆன்ட்டி, புதுப் பாடம் எதையும் முன்கூட்டியே படிக்க வேண்டாம். இருபடிச் சமன்பாடு, அடுக்குகள், மடக்கை, இயற்கணிதப் பின்னங்கள், முக்கோணவியல் முற்றொருமைகள், இவ்வளவையும் தினமும் அரை மணி நேரம் கையால் போட்டால் போதும். கூடுதல் கணிதம் புத்தகம் யாரிடமாவது கிடைத்தால் முதல் பாதி மட்டும். நான் இதைச் செய்யாமல்தான் அந்த 3 வாங்கினேன்.

அடையாறு_அம்மா

சரிப்பா. கடைசியாக ஒன்று, அந்த கிராஃபிக் கால்குலேட்டரை இப்போதே வாங்கிவிடலாமா? விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

கோவை_கணக்கு_டீச்சர்

இப்போது வேண்டாம். ஜூன் தாள் முடியட்டும், அதற்கு அது தேவையும் இல்லை. உங்கள் பள்ளியில் ஆசிரியர் எதில் பாடம் நடத்துகிறார் என்று கேட்டு அதையே வாங்குங்கள், டிஐ-84 ஆக இருக்கலாம், கேசியோவாக இருக்கலாம். இயற்கணிதத்தையும் தானே போட்டுவிடும், சிஏஎஸ் என்று எழுதியிருக்கும் மாடலை மட்டும் வாங்கிவிடாதீர்கள், தேர்வில் அனுமதிக்க மாட்டார்கள். மே தேர்வு முடித்த சீனியர் பிள்ளைகள் தங்களுடையதைப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள், ஜூன் மாதம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பாருங்கள்.

அந்த 24 கணக்கு முடிந்ததும் எழுதுங்கள்.